பதினேழாம் சதுரம்

வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லித் தேடி வருகிறவர்களை அலுவலக வாசல் காவலர், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். சதுரம்மா என்று கேட்டால்தான் மூன்றாவது மாடிக்கு வழி காட்டுவார். முப்பது வருடம் ஒரு மரச்சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஏறி இறங்கினால், பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்?

அந்தச் சட்டம் பக்கத்துக்கு ஒரு மீட்டர். உள்ளே நைலான் நூலை நெடுக்கே ஒன்பது, குறுக்கே ஒன்பது என்று இழுத்துக் கட்டியிருக்கும். ஆக நூறு சின்னக் கட்டம். ஊருக்குத் தண்ணீர் தருகிற ஏரிக்கு மேலே இருந்த புல்சரிவில், நாற்பது இடங்களில் அதை வைப்பார்கள். வருடா வருடம் மழை ஓய்ந்ததும் இரண்டு வாரம் அதுதான் வேலை. ஒவ்வொரு சின்னக் கட்டத்திலும் எந்தெந்தச் செடி வேர் விட்டிருக்கிறது என்று குனிந்து பார்த்துச் சொல்ல வேண்டும். வேர் உள்ளே இருந்தால்தான் கணக்கு. வெளியே நின்றுகொண்டு இலையை மட்டும் உள்ளே நீட்டுகிற செடிக்கு இடமில்லை. "சொந்தக்காரங்க மாதிரி எட்டிப் பார்க்கிறதெல்லாம் சேர்த்தி இல்ல" என்பாள் சதுரம்மா.

நாற்பது இடம் எதற்கு, சரிவு முழுவதையும் எண்ணக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணலாம், மூன்று தலைமுறை ஆகும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆனால் அந்த ஒரு சோற்றை யார் பொறுக்குவது என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. சமைத்தவளே பொறுக்கினால் நன்றாக வெந்ததாகப் பார்த்துத்தான் எடுப்பாள். சதுரம்மா வேலையில் சேர்ந்த முதல் நாள் பெரிய அதிகாரி அதைத்தான் சொன்னார். "கண்ணை மூடிக்கிட்டுச் சட்டத்தைத் தூக்கி எறிஞ்சாலும் கை நல்ல இடமாப் பார்த்துத்தான் எறியும்மா. கண்ணுக்கு ஆசை உண்டு, கைக்கும் ஆசை உண்டு. எண்ணுக்கு ஆசை கிடையாது. எண் எங்க நிறுத்துதோ அங்கதான் முளை அடிக்கணும். அது பாறையா இருந்தாலும் சரி, சகதியா இருந்தாலும் சரி."

எண்ணைத் தருவதற்கென்று ஒரு புத்தகம் இருந்தது. தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் பக்கம் பக்கமாக வெறும் எண்கள். ஏரிக்கரையை ஒட்டி நீளமாக அளவு நாடாவை விரித்துவிட்டு, புத்தகத்தில் வருகிற முதல் எண்ணுக்குக் கரையோடு நடக்க வேண்டும். அடுத்த எண்ணுக்கு நேர் மேலே ஏற வேண்டும். நின்ற இடத்தில் இரும்பு முளையைத் தலைவரைக்கும் அடித்து இறக்கி, மேலே எண் பொறித்த தகடு வைக்க வேண்டும். அந்த முளை எத்தனை வருடமானாலும் அங்கேயே இருக்கும், அதே இடத்தில்தான் சட்டம் உட்காரும்.

சதுரம்மா ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியிருந்தது. அவளோடு சேர்ந்து சரிவின் கணக்கும் ஓய்வு பெற்றுவிட்டது, யாரும் மேலே ஏறவில்லை. அப்புறம் ஒரு காலையில் தசமம் தொலைபேசியில் அழைத்தார்.

தசமம் என்பது அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்க்கிறவர். யாராவது "சுமார் பத்து" என்று சொன்னால், "ஒன்பது புள்ளி எட்டு" என்று திருத்தாமல் அவருக்குத் தண்ணீர் இறங்காது. இருபத்திரண்டு வருடம் சதுரம்மா கொண்டு வந்து கொடுத்த எண்களைக் கூட்டிப் பெருக்கியவர். ஆனால் ஒரு தடவைகூடச் சரிவில் கால் வைத்ததில்லை. முட்டி வலி என்பார். அட்டைப் பூச்சிக்குப் பயம் என்பது மூன்றாவது மாடிக்கே தெரியும்.

"சதுரம்மா, நான் ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு. போறதுக்குள்ள அந்தச் சரிவுப் புத்தகத்தை ஒழுங்கா முடிச்சு வச்சிட்டுப் போகணும். கடைசியா ஒரு தடவை நாற்பதையும் எண்ணிடலாம். ஆனா முளையெல்லாம் மண்ணு மூடிக் கிடக்கும். உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?"

"யாரு சார் ஏறப் போறது?"

"வேற ஆள் இல்ல. நான்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும் முன்பே அவர் சொன்னார். "குறிப்பா அந்தப் பதினேழு. அதை நான் என் கண்ணால பார்க்கணும்மா."

சிரிப்பு நின்றுவிட்டது. வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள்.

"அம்மா, இந்த முட்டிய வச்சுக்கிட்டு மலை ஏறப் போறியா?" என்றாள் மகள், பரணிலிருந்து பழைய கான்வாஸ் ஷூவை எடுத்துத் தூசி தட்டியபடியே. "அந்தத் தசமம் சாருக்கு உன்னைவிட மோசமான முட்டி. ரெண்டு பேரையும் தூக்கிட்டு வர நாலு பேரை அனுப்பணும்."

"நீ வேணா வாயேன்."

"எனக்கு எதுக்கு? சின்ன வயசுல லீவு விட்டா அங்கதானே கூட்டிட்டுப் போவீங்க. மத்த பிள்ளைங்க எல்லாம் கடற்கரைக்குப் போகும். நான் நூறு கட்டத்துல புல்லு எண்ணிக்கிட்டு இருப்பேன்." திட்டிக்கொண்டே ஷூவுக்குப் புது நாடா கோத்துக் கொடுத்தாள். அப்பாவைப் போலத்தான், கை ஒன்று செய்யும், வாய் ஒன்று சொல்லும்.

பதினேழைப் பற்றி மகளுக்குத் தெரியாது. உலகத்தில் அதைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நடந்தது இதுதான். முளை அடித்த முதல் வருடம் அவளுக்கு இருபத்தெட்டு வயது. கூட வர வேண்டிய உதவியாளர் விடுப்பில் போய்விட்டார். ஜீப் ஓட்டி வந்த டிரைவர், "நாடாவோட இன்னொரு முனையப் பிடிக்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதானே மேடம்?" என்று செருப்பைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டுக் கூடவே ஏறினார். பதினாறு முளை ஒழுங்காக இறங்கியது. பதினேழாவதுக்குப் புத்தகம் கொடுத்த எண்கள் அறுபத்திரண்டு, நூற்றுப் பதினெட்டு. கரையோடு அறுபத்திரண்டு மீட்டர் நடந்து, மேலே நூற்றுப் பதினெட்டு ஏறினால், நாடா போய் நின்றது ஒரு முள்புதரின் நட்டநடுவில்.

டிரைவர் சுத்தியலோடு உள்ளே நுழைந்தார். நுழைந்த வேகத்தில் வெளியே வந்தார். சட்டை முழங்கையில் கிழிந்து, உள்ளே நீளமாக ஒரு ரத்தக் கோடு.

"மேடம், ஒரு ஏழு மீட்டர் தள்ளி அடிச்சா ஆகாதா? நாம சாப்பிட்டோமே, அந்த இடம். பாருங்க, எவ்வளவு நல்லா இருக்கு."

நன்றாகத்தான் இருந்தது. உள்ளங்கை மாதிரி லேசாகக் குழிந்த இடம். அதில் நீல நிறத்தில் சின்னச் சின்னப் பூ. அதன் அலுவலகப் பெயர் வாயில் நுழையாது, அவர்கள் இருவரும் அதற்கு நீலக்கண்ணி என்று பெயர் வைத்திருந்தார்கள். சரிவில் வேறெங்கும் அது அவ்வளவு அடர்த்தியாக இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அங்கே உட்கார்ந்து, டிரைவர் கொண்டு வந்த ரொட்டியையும் அவித்த முட்டையையும் இருவரும் பங்கு போட்டுத் தின்றார்கள்.

பெரிய அதிகாரி சொன்னதெல்லாம் அவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவு இருந்தது. சுற்றிலும் பார்த்தாள். சரிவில் வேறு ஈ காக்கை இல்லை.

"சரி" என்றாள்.

அன்று மாலை இருப்பிடக் குறிப்பேட்டில், பதினேழு என்ற எண்ணுக்கு எதிரே, அறுபத்திரண்டு, நூற்றுப் பதினெட்டு என்றே எழுதினாள். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. அதுதான் பின்னாளில் அவளை அதிகம் உறுத்தியது.

மூன்றாவது வருடம் டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அலுவலகத்தில் எல்லாரும் ஜீப்பில் வளர்ந்த காதல் என்று கேலி செய்தார்கள். ஜீப்பில் அவர்கள் பேசிக்கொண்டதே கிடையாது, என்ஜின் சத்தத்தில் எங்கே பேசுவது? வளர்ந்ததெல்லாம் சரிவில், அவர் எழுதுகிற ஆளாக வந்து புத்தகமும் கையுமாக நின்றபோதுதான். ஏனென்றால் சரிவில் ஒரு முறை உண்டு. சட்டத்தின் மேல் குனிந்திருப்பவர் செடியின் பெயரையும் அது எத்தனை கட்டத்தில் இருக்கிறது என்பதையும் உரக்கச் சொல்ல வேண்டும். எழுதுகிறவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "சரி" என்ற பிறகுதான் அந்த வரி முடிந்ததாகக் கணக்கு. காற்று அடிக்கிற இடம், பதினாறு அறுபதாகிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம்.

"ஈர்க்குப்புல், நாற்பத்திரண்டு."

"ஈர்க்குப்புல், நாற்பத்திரண்டு."

"சரி."

நாள் முழுக்க ஒரு ஆண் ஒரு பெண் சொன்னதையெல்லாம் காதில் வாங்கி, மாற்றாமல் திருப்பிச் சொல்லி, அவள் சரி என்கிற வரைக்கும் காத்திருந்தால், அவள் அவனைக் கட்டிக்கொள்ளாமல் வேறு என்ன செய்வாள்? நீங்களே சொல்லுங்கள். வீட்டிலும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. கடைக்குப் போகும்போது "உப்பு ஒரு பாக்கெட்" என்பாள். "உப்பு ஒரு பாக்கெட்" என்பார். "சரி." மகளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். "ரெண்டும் கிளிப்பிள்ளைங்க" என்பாள்.

வருடம் தவறாமல் பதினேழாம் சதுரத்தில்தான் மதியச் சாப்பாடு. தோது போல முன்னே பின்னே எண்ணி, சாப்பாட்டு நேரத்துக்குப் பதினேழு வருகிற மாதிரி பார்த்துக்கொள்வார்கள். அந்த முளை ஏன் அங்கே வந்தது என்ற பேச்சு வந்தால் "முள்ளு" என்பார் அவர். "ஆமா, முள்ளு" என்பாள் அவள். அதற்கு மேல் தோண்ட மாட்டார்கள்.

இப்படி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துச் சுகமாகத்தான் இருந்தார்கள், தசமம் ஒரு கட்டுரை எழுதுகிற வரைக்கும். நாற்பது சதுரங்களில் முப்பத்தொன்பது ஒரே மாதிரி எண்களைக் கொடுக்க, பதினேழு மட்டும் துள்ளிக்கொண்டு தனியே நிற்பதை அவர் கண்டுபிடித்தார். மூன்றாவது மாடியில் உட்கார்ந்தபடியே மண்டையை உடைத்து, அங்கே மண்ணுக்குள் ஒரு ஊற்று மறைந்திருக்க வேண்டும் என்று பதினொரு பக்கம் எழுதினார். நாற்பதில் ஒன்று அப்படி என்றால், சரிவின் மொத்தப் பரப்பில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது இரண்டு புள்ளி ஐந்து சதவீதம், ஊற்று நிலம் என்று கணக்கும் போட்டார். ஏதோ ஒரு மாநாட்டில் வாசித்து, பாராட்டும் வாங்கி, முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டினார். அவர் வாழ்க்கையில் எழுதிய ஒரே கட்டுரை. அலுவலகத்தில் மிட்டாய் கொடுத்தபோது சதுரம்மாவும் ஒன்று எடுத்துக்கொண்டாள். அவர் கண் முன்னாலேயே வாயில் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால், ஒரு முளையைத் தள்ளி அடித்தவள் மற்ற முப்பத்தொன்பதையும் எப்படி அடித்திருப்பாள் என்று யாராவது கேட்பார்கள். அத்தனை வருடப் புத்தகம் மொத்தமும் சந்தேகத்தில் நிற்கும். "விடு, ஒரு முளைக்கு உலகமா முழுகிடும்?" என்றார் கணவர். ஆனால் அவருக்கும் அது உள்ளே இருந்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் மெலிந்து கிடந்தபோது, ஒரு பிற்பகலில் திடீரென்று கேட்டார்.

"அந்தப் பதினேழு. சொல்லிடலாமா?"

"பார்க்கலாம்" என்றாள் அவள்.

"பார்க்கலாம்" என்று திருப்பிச் சொன்னார். சொல்லிவிட்டு, பழக்கத்தில், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளால் சரி என்று சொல்ல முடியவில்லை. செவிலிப் பெண் மாத்திரையோடு வந்தாள், பேச்சு மாறிவிட்டது. மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். அந்த வரி மட்டும் மூடாமலே நின்றுவிட்டது.

தசமம் சரிவுக்கு வந்த கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும். முழங்கால் வரை காலுறை, அதற்கு மேல் பாலித்தீன் பை, அதற்கு மேல் உப்புப் பொட்டலம் கட்டிய கயிறு. எல்லாம் அட்டைக்காக. அலுவலகம் கொடுத்தனுப்பிய இரும்பு தேடும் கருவி இரண்டு தடவை கூவிவிட்டு உயிரை விட்டது, மாற்று பேட்டரி யாரும் வைக்கவில்லை. "பரவாயில்ல சார், நான் இருக்கேன்ல" என்றாள் சதுரம்மா.

உண்மையிலேயே கருவி தேவைப்படவில்லை. நாலு வருடத்தில் புல் மூடியிருந்தது, மண் சரிந்திருந்தது. ஆனால் அவள் கால்களுக்கு வழி தெரிந்தது. இந்தப் பாறைக்கு இடது பக்கம் நாலு எட்டு, அந்த மொட்டை மரத்துக்கு நேரே, என்று போய் நின்று குதிகாலால் மண்ணைக் கிளறினால் தகடு எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு தகட்டைப் பார்க்கும்போதும் தெரிந்தவர் வீட்டு வாசல் மணியை அடித்தது போல இருந்தது அவளுக்கு. தகடுகளில் எண் பொறித்தது கணவர்தான். அவருடைய ஏழு எப்போதும் குப்புற விழப் போகிற மாதிரி சாய்ந்து நிற்கும். ஏழாம் முளையில் அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் தகட்டைத் துடைப்பது போலத் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

தசமத்துக்குத் திருப்பிச் சொல்கிற வழக்கம் பிடிக்கவில்லை. "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றார். முதல் இரண்டு நாள் அவள் சொல்லச் சொல்ல வாயே திறக்காமல் எழுதினார். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் அவள் கொஞ்ச நேரம் நிறுத்திக் காத்திருந்தாள், தன்னை அறியாமல். காற்று மட்டும் அடித்தது. ஒன்பதாம் சதுரத்தில் எதற்கோ புத்தகத்தை வாங்கிப் பார்த்தால், ஒட்டுப்புல்லுக்கு எதிரே அவர் எழுபத்தொன்று என்று எழுதியிருந்தார்.

"நான் பதினேழுன்னு சொன்னேன் சார்."

இத்தனை வருடமாக ஊரையெல்லாம் திருத்தியவருக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்கப்புறம் பள்ளிப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். குரல் வேறு, ஆனாலும் சதுரம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஐந்தாம் நாள் பன்னிரண்டு மணிக்குப் பதினாறு முடிந்தது. தசமம் குறிப்பேட்டைப் பிரித்தார். பதினேழைத் தானே கண்டுபிடிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கரைக்கு இறங்கி நாடாவை விரித்து, அறுபத்திரண்டு மீட்டர் நடந்து, மூச்சு வாங்க வாங்க நூற்றுப் பதினெட்டு ஏறினார். நாடா முள்புதரில் போய் நின்றது. புதர் இப்போது ஆள் உயரம் வளர்ந்திருந்தது. குடைக்காம்பால் விலக்கி விலக்கித் தேடினார். சுற்றிலும் இரண்டு மீட்டருக்குக் கிளறிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"போச்சு" என்றார். குரல் உடைந்திருந்தது. "முள்ளு வேர் தூக்கி எறிஞ்சிருக்கும். வேற எது போனாலும் பரவாயில்லம்மா, இதுவா போகணும்? சரி, விதின்னு ஒண்ணு இருக்கு. காணாமல் போனதுன்னு குறிச்சிடறேன்."

பேனாவைத் திறந்தார்.

சதுரம்மா நின்ற இடத்திலிருந்து ஏழே மீட்டரில் அந்தக் குழிவு இருந்தது. நடுவில் ஒரு புல்மேடு மறைத்ததால் அவருக்குத் தெரியவில்லை. பேசாமல் இருந்தால் போதும். காணாமல் போனது என்று ஒரு சொல், எல்லாம் முடிந்துவிடும். புத்தகத்துக்குக் களங்கம் இல்லை, அவர் வீட்டுச் சுவரில் கட்டுரை தொங்கும், முளை அவளுக்கு மட்டும் சொந்தமாக மண்ணுக்குள் கிடக்கும். வேண்டும்போது தனியாக வந்து உட்கார்ந்துவிட்டுப் போகலாம். ஆசையாகத்தான் இருந்தது.

"எழுதாதீங்க சார்" என்றாள். "முளை காணாமப் போகல. அது இங்க இருந்ததே இல்ல."

புல்மேட்டைச் சுற்றிப் போய்க் குதிகாலால் கிளறினாள். தகடு வந்தது. ஒன்று நிமிர்ந்தும் ஏழு குப்புறச் சாய்ந்தும் நின்றன. அங்கேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். எண் சொன்ன இடம், முள், ரத்தம், ஏழு மீட்டர், குறிப்பேட்டில் எழுதிய பொய். மற்ற முப்பத்தொன்பதும் எண் சொன்ன இடத்தில்தான் இருக்கின்றன, வேண்டுமானால் ஒவ்வொன்றையும் நாடா வைத்துப் பாருங்கள் என்றும் சொன்னாள்.

தசமம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றினார்.

"பன்னிரண்டு வருஷமா செவுத்துல தொங்குது. ஊற்றுன்னு எழுதினேன். மாநாட்டுல எழுந்து நின்னு கை தட்டினாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?"

"தப்புதான் சார்."

"மிட்டாய் வேற வாங்கித் தின்னீங்க!"

"தின்னேன் சார்."

அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். நீலக்கண்ணிக்கு நடுவில், சரியாக அவள் கணவர் உட்காரும் இடத்தில். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு பாதி எழுந்து, பின்பக்கம் தடவிப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஈரமா இருக்கு?"

"எப்பவும் அப்படித்தான் சார். கோடையிலயும் இப்படித்தான். சாப்பிட்டு எழுந்தா என் சேலை, அவர் கால்சட்டை, எல்லாம் நனைஞ்சிருக்கும். அப்படியே ஜீப்ல ஏறினா சீட்டும் நனையும்."

தசமம் அவளை வெறித்துப் பார்த்தார். அட்டை, பை, உப்பு எல்லாவற்றையும் மறந்து விரலை மண்ணுக்குள் விட்டார். வெளியே எடுத்தபோது சேறு சொட்டியது.

"ஊற்று! அடியில ஊற்று இருக்கு! இதை நிரூபிக்க நான் பதினொரு பக்கம் எழுதினேன். உங்களுக்குச் சேலை நனைஞ்சதுலயே தெரிஞ்சிருக்கு. ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே சார். நான் எண்ணைக் கொண்டு வந்து மேசையில வைப்பேன், நீங்க நிமிராமலே வாங்கிப்பீங்க."

அவர் தன் சேற்று விரலைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சதுரம்மாவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. முட்டி வலிக்கிற இரண்டு பேர் ஒரு சரிவின் நடுவில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். ஏரியில் இருந்த கொக்குகள்கூடப் பறந்துவிட்டன.

சிரிப்பு அடங்கியதும் தசமம் தசமமானார். "ஊற்று உண்மை. ஆனா நாற்பதுல ஒரு பங்குன்னு போட்டது பொய். எண் பொறுக்கி இருந்தா அந்தக் கணக்கு நிக்கும். நீங்க ரெண்டு பேரும் பொறுக்கினா நிக்காது. அதை நான் திருத்தணும். எழுதி அனுப்பறேன்." சொல்லும்போது வலித்தது முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் சொன்னார்.

"அப்ப எண் சொன்ன இடத்துலயும் இன்னைக்கு எண்ணிடலாம் சார்" என்றாள் அவள்.

அரிவாளால் புதரின் அடிப்பகுதியைக் கொஞ்சம் கழித்துவிட்டு, தரையோடு தரையாகப் படுத்து, சட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவளே உள்ளே போனாள். முள் முழங்கையைக் கிழித்தது. அன்றைக்கே இதைச் செய்திருக்கலாம், கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே இருந்து குரல் கொடுத்தாள்.

"ஈர்க்குப்புல், நாலு."

"ஈர்க்குப்புல், நாலு."

"சரி. வெறும் தரை, தொண்ணூத்தாறு."

"வெறும் தரை, தொண்ணூத்தாறு."

"சரி."

அவ்வளவுதான். எண்ணைக் கேட்டு நடந்திருந்தால் அவர்களுக்குக் கிடைத்திருக்கக் கூடியது நாலு புல்லும் சருகும். நீலக்கண்ணியும் இல்லை, மதியச் சாப்பாடும் இல்லை. அதற்கப்புறம் என்னென்ன இல்லாமல் போயிருக்குமோ, யார் கண்டது?

வெளியே வந்து உடம்பில் ஒட்டிய சருகைத் தட்டினாள். அந்த இடத்தில் புது முளை அடித்தார்கள். பழைய முளையைப் பிடுங்கித் தரட்டுமா, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று தசமம் கேட்டார். வேண்டாம் என்றாள். "மண்ணுலயே இருக்கட்டும் சார். தப்பு எங்க நடந்ததுன்னு நாளைக்கு வர்றவங்களுக்குத் தெரியணும்ல."

அவர் தலையாட்டிவிட்டு, புத்தகத்தில் குறிப்பு எழுத வேண்டிய பத்தியைத் திறந்தார்.

"பதினேழாம் முளை, முதல் வருடம், அளவையாளரும் ஓட்டுநரும் சேர்ந்து ஏழு மீட்டர் தள்ளி அடித்தது. காரணம்..." பேனா நின்றது. "முள்ளுன்னு போட்டுடவா?"

ஆமாம் முள்ளு என்று வாய் வரைக்கும் வந்தது. முப்பத்திரண்டு வருடம் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது அதுதான். சதுரம்மா தன் முழங்கையைப் பார்த்தாள். நீளமாக ஒரு ரத்தக் கோடு, அதற்குள் காயத் தொடங்கியிருந்தது. முள் இவ்வளவுதான்.

"இல்ல சார்" என்றாள். "அந்த இடம் எங்களுக்குப் பிடிச்சிருந்தது. அப்படியே போடுங்க."

தசமம் நிமிர்ந்து பார்த்தார். எழுதினார். எழுதி முடித்து, மூன்று நாளில் கற்றுக்கொண்ட வழக்கப்படி, காற்றை மீறிக் கேட்கும்படியாக உரக்கத் திருப்பிச் சொன்னார்.

"பதினேழாம் முளை, முதல் வருடம், அளவையாளரும் ஓட்டுநரும் சேர்ந்து ஏழு மீட்டர் தள்ளி அடித்தது. காரணம், அந்த இடம் இருவருக்கும் பிடித்திருந்தது."

சொல்லிவிட்டுப் பேனாவைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார்.

"சரி" என்றாள் சதுரம்மா.